ஃப்ளூவில் நான்கு வகை

நேயர்களுக்கு வணக்கம்.

காய்ச்சலோடு மருத்துவரிடம் போனால், சோதனை முடிவில் சில சமயம் 'இன்ஃப்ளூயன்சா ஏ' அல்லது 'பி' என்று எழுதி வரும். எது கடுமையானது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். படுத்திருக்கும் நோயாளிக்கு இரண்டுமே கடுமையாகலாம். அந்த எழுத்தின் முக்கியத்துவம் வேறு இடத்தில் இருக்கிறது: அந்த வைரஸ் எந்தெந்த உயிர்களிடம் வாழ்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

ஃப்ளூ வைரஸில் ஏ, பி, சி, டி என நான்கு வகை. சி வகை பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும் லேசான சளி. டி வகை மாடுகளுக்கானது. மனிதர்களை அது நோயாக்கியதாகத் தெரியவில்லை. பி வகை ஏறக்குறைய மனிதர்களிடம் மட்டுமே சுற்றுகிறது. அதில் விக்டோரியா, யமகாட்டா என இரண்டு கிளைகள் இருந்தன. 2020 மார்ச்சுக்குப் பிறகு யமகாட்டா உறுதியாகத் தென்படவே இல்லை. அதனால்தான் ஏ வகையில் இரண்டு, பி வகையில் இரண்டு என நான்கு வைரஸ்களுக்கான தடுப்பூசி மீண்டும் மூன்றுக்கானதாகச் சுருங்கிவருகிறது.

மீதி ஏ வகை. நம் கவலையெல்லாம் இதன்மேல்தான். நீர்ப்பறவைகள்தாம் இதன் தாய்வீடு. காட்டு வாத்துகளில் பல சமயம் நோயே காட்டாமல் குடலில் தங்கி எச்சத்தில் வெளியேறும். அங்கிருந்து கோழி, பன்றி, குதிரை, நாய், கடல்நாய், மனிதன் என்று தாவுகிறது. எச்1என்1, எச்5என்1 என்ற பெயர்களில் வரும் எச், என் இரண்டும் வைரஸின் மேற்பரப்பிலுள்ள புரதங்கள். எச் செல்லில் ஒட்டி உள்ளே நுழைய உதவும்; 'என்' புரதம் புதிதாகப் பிறந்த வைரஸ்களைச் செல்லிலிருந்து அறுத்து விடும். பறவை வைரஸின் எச் பிடித்துக்கொள்ளும் ஏற்பி (செல்லின் மேலுள்ள பிடிப்பிடம்) நம் மூக்கிலும் தொண்டையிலும் குறைவு, நுரையீரலின் ஆழத்தில் அதிகம். பறவைக் காய்ச்சல் மனிதருக்கு அரிதாகவே வருவதற்கும், வந்தால் நிமோனியாவாக முற்றுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

ஏ வைரஸின் மரபணு எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. இரண்டு வைரஸ்கள் ஒரே செல்லில் புகுந்தால் துண்டுகள் இடம்மாறி, புதிய வைரஸ் பிறக்கலாம். 1957, 1968 பெருந்தொற்றுகள் பறவை, மனித வைரஸ்கள் இப்படிக் கலந்ததால் வந்தவை. 2009இல் பரவிய எச்1என்1இல் பறவை, மனித, பன்றி வைரஸ்களின் துண்டுகள் இருந்தன. அந்த எச்1என்1 இன்று சாதாரணப் பருவக் காய்ச்சல்களில் ஒன்று. அறிக்கையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் பதற வேண்டியதில்லை. ஆண்டுதோறும் தடுப்பூசி மாறுவது வேறு காரணத்தால்: படியெடுக்கும்போது விழும் பிழைகளை வைரஸ் திருத்திக்கொள்வதில்லை, அதனால் மேற்பரப்புப் புரதம் மெல்ல மெல்ல உருமாறுகிறது.

2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளின் மடியில் பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1 கண்டுபிடிக்கப்பட்டது. பாலில் வைரஸ் ஏராளமாக இருந்தது. அந்தப் பச்சைப்பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. பாஸ்டரைஸ் செய்தாலோ காய்ச்சினாலோ வைரஸ் அழிந்துவிடும். இறைச்சியின் உட்பகுதி 70 டிகிரியை எட்டும்வரை, முட்டையின் மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவையுங்கள்.

கோழிகளோ காட்டுப் பறவைகளோ கொத்தாகச் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், அறுத்துப் பார்க்காதீர்கள். கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். நோயுற்ற பறவையையோ மாட்டையோ தொட்டு, அடுத்த 10 நாட்களுக்குள் காய்ச்சலோ கண்சிவப்போ வந்தால், அதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும். வழக்கமான விரைவுச் சோதனை 'ஏ' என்பதோடு நின்றுவிடும், எச்5 என்று பிரித்துச் சொல்லாது. உங்கள் பேச்சை வைத்துத்தான் அடுத்த சோதனைக்கு அனுப்புவார்கள்.

ஓசெல்டாமிவிர் மாத்திரை ஏ, பி இரண்டுக்கும் வேலை செய்யும். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோய் முற்றியவர்களுக்குத் தாமதமானாலும் கொடுப்பார்கள். ஃப்ளூ வந்த குழந்தைக்கு ஆஸ்பிரின் வேண்டாம். ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்குறி வரக்கூடும். காய்ச்சல் விட்டு இரண்டொரு நாளில் மறுபடி ஏறி, மூச்சும் வாங்கினால், பாக்டீரியா நிமோனியா சேர்ந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.