நான்கு பேர் அமரும் திண்ணை

அவையோர்க்கு வணக்கம். நாகர்கோவில் இடலாக்குடியில் நின்றுகொண்டு மூளையைப் பற்றிப் பேசும்போது, 1874இல் இந்த மண்ணில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலரை விட்டுவிட்டு எப்படித் தொடங்குவது? நூறு வேலைகளுக்குக் கவனம் சிதறாமல் ஈடுகொடுக்கும் சதாவதானத்தை 1907இல் சென்னையில் செய்து காட்டியவர் அவர். அவதானத்தில் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், இன்னொருவர் கணக்குப் போடுவார், முதுகில் விழும் கற்களையும் எண்ணியாக வேண்டும்.

நூறு வேலைகளை ஒரே நொடியில் செய்தார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மூளை அப்படி இயங்குவதில்லை. ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தக்கூடியவை ஏறத்தாழ ஏழு என்று 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001இல் இன்னோர் உளவியலாளர் நெல்சன் கோவன் அதையும் நான்காகக் குறைத்தார். நான்கு பேர் அமரும் திண்ணையில் நூறு பேரை உட்காரவைக்க வேண்டுமென்றால், ஒருவரை எழுப்பித்தான் அடுத்தவரை அமர்த்த முடியும். எழுந்துபோனவர் பேச்சை எங்கே விட்டார் என்பது மறக்காமல் இருக்க வேண்டும். பாவலரின் வித்தை அங்கேதான் இருந்தது என்பேன்.

நம் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். இராமகதை வெண்பாவுக்குத் ‘துருக்கனை’ என்று தொடங்கும் ஈற்றடியைக் கொடுத்து ஒருவர் அவரை மடக்கப் பார்த்தாராம். இராமகதையில் துருக்கன் எங்கே வருவான்? பாவலர் முந்தைய அடியைச் ‘சத்’ என்று முடித்தார். சத்துருக்கனன் வந்து நின்றான்! முடிவைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்திருக்கிறார்.

அந்தப் பிடியைத் தளரவிடாமல் காப்பதில் பெரும்பங்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்மடலுக்கு. கனடாவின் புகழ்பெற்ற மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு இதைத் தம் வீட்டிலேயே கண்டார். 1928இல் தம் அக்காவுக்கு வந்த கட்டியை அகற்றும்போது வலது முன்மடலின் பெரும்பகுதியையும் எடுக்க வேண்டியதாயிற்று. பேச்சு போகவில்லை, நினைவு போகவில்லை. சுமார் 15 மாதங்கள் கழித்து, ஒரு விருந்தாளிக்கும் வீட்டார் நால்வருக்கும் அந்த அக்கா சமைக்கத் தொடங்கினார். சாப்பாட்டு நேரம் வந்தபோது பொருள்கள் எல்லாம் அடுக்களையில் இருந்தன. அடுப்பில் ஒன்றிரண்டு ஏறியிருந்தன. இறைச்சியைத் தொடவே இல்லை. நடுவில் அவர் திகைத்து நின்றார். சமைக்கத் தெரியாதவர் அல்லர் அவர். எதற்குப் பின் எது என்பதுதான் அவரிடம் இல்லாமல் போயிருந்தது.

நம் கல்யாண வீட்டில் சமையல் செய்யும் தவசுப்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவியலுக்குச் சேனையும் வாழைக்காயும் வேகும்போதே தேங்காய் அரைபட்டுக்கொண்டிருக்கும். தயிரும் தேங்காயெண்ணெயும் எப்போது விழ வேண்டும் என்று எந்தக் காகிதத்திலும் அவர் எழுதி வைத்திருப்பதில்லை.

கணக்கு ஆசிரியராக இருந்தவன் நான். பெருக்கலும் வகுத்தலும் பிழையின்றிச் செய்யும் ஒரு பையன், வட்டிக்கணக்கில் மட்டும் பாதி வழியில் நின்றுவிடுவான். பல முறை அவனைக் கடிந்திருக்கிறேன். இன்றும் அது உறுத்துகிறது. பிறகு ஒருநாள், கணக்கில் கேட்டது என்ன என்பதை மட்டும் கரும்பலகையின் மேல்மூலையில் எழுதி வைத்தேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் அவன் கண் அந்த மூலைக்குப் போய்த் திரும்பியது. கடைசி வரிவரை சாக்குக்கட்டி நிற்கவில்லை.