பாடத்திட்டத்துக்கு வெளியே: கும்பகோணம் அரசு கல்லூரி

[காட்சி: காவிரிக் கரை, கல்லூரிக் கட்டடம்]

வணக்கம். 1854-இல் ஒரு பள்ளியாகத் தொடங்கி, 1867-இல் கல்லூரியாக உயர்ந்த கும்பகோணம் அரசு கல்லூரியைத் 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று அழைத்தார்கள். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு இங்கே முதல்வராக வந்த வில்லியம் ஆர்ச்சர் போர்ட்டரும், அவருடன் பணியாற்றிய கோபால ராவும் ஆங்கிலக் கல்வியில் காட்டிய கண்டிப்பே அந்தப் பெயருக்கு முக்கியக் காரணம். வலங்கைமானில் பிறந்து, பிற்காலத்தில் ஆங்கிலப் பேச்சுக்காக உலகறிந்தவரான வி.எஸ். சீனிவாச சாஸ்திரி இங்கே பயின்றவர்தான்.

ஆனால் இக்கல்லூரி தமிழுக்குத் தந்த பெருங்கொடையை அந்தப் பட்டப்பெயரைக் கொண்டு விளக்கிவிட முடியாது.

[காட்சி: பழைய வகுப்பறை, பனையோலைச் சுவடிகள்]

அக்காலத்தில் மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ. (பி.ஏ.-வுக்கு முந்தைய ஈராண்டுக் கல்லூரிப் படிப்பு), பி.ஏ. ஆகிய தேர்வுகள் எல்லாவற்றையும் நடத்தியது 1857-இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம். என்ன படிக்க வேண்டும் என்பதும் அங்கிருந்தே வந்தது. தமிழுக்கும் அதில் இடம் இருந்தது என்றாலும், அது குறிக்கப்பட்ட சில செய்யுட்பகுதிகளோடு நின்றுவிடும் இடம். சீவக சிந்தாமணியின் முதற்பகுதியான நாமகள் இலம்பகம் மட்டும் மாணவர் தேவையை ஒட்டி 1868-இல் அச்சேறியது. மீதிக் காப்பியம் ஏட்டிலேயே கிடந்தது.

1880-இல் இக்கல்லூரியின் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்கு உ.வே. சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். இருவருமே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்கள். சாமிநாதையர் அப்போது திருவாவடுதுறை ஆதீனத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாதவர். மடத்துத் தமிழ்க் கல்வி கல்லூரிக்குள் நுழைந்தது இப்படித்தான்.

அதே ஆண்டில் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக, அதாவது கீழ்நிலை உரிமையியல் நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்தித்தார். தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் சாமிநாதையர் அடுக்கிச் சொல்ல, அவற்றையெல்லாம் பொருட்படுத்தாமல் முதலியார் கேட்டது சிந்தாமணியைப் பற்றியும் மணிமேகலை, சிலப்பதிகாரம் பற்றியும். இப்பகுதியின் கல்வி வரலாற்றில் இதைவிடப் பயனுள்ள கேள்வி வேறொன்று கேட்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அதைக் கேட்டவர் பேராசிரியர் அல்லர், நீதிபதி என்பதையும் கவனிக்க வேண்டும்.

[காட்சி: கும்பகோணம் தெருக்கள்]

பகலில் வகுப்பு, மற்ற நேரமெல்லாம் சுவடி என்று சாமிநாதையரின் வாழ்க்கை மாறியது. சிந்தாமணி சமணக் காப்பியமாதலால், சைவ மடத்தில் பயின்ற ஆசிரியர் கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிச் சென்று, அவர்களது சமயக் கருத்துகளைக் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் சிந்தாமணி முழுமையாக வெளிவந்தது. தொடர்ந்து 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் அச்சேறின. இவை அனைத்தும் கும்பகோணத்தில் ஆசிரியராக இருந்த காலத்தில், எந்தத் தேர்வும் கேட்காமல் செய்யப்பட்ட பணிகள்.

[காட்சி: கணிதக் குறிப்பேடு]

1903-இல் சாமிநாதையர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிச் சென்றார். மறு ஆண்டு, அதே ஊரின் டவுன் ஹைஸ்கூலில் படித்த சீனிவாச ராமானுஜன் உதவித்தொகையோடு இக்கல்லூரியில் சேர்ந்தார். நூற்றாண்டு மாறியிருந்தாலும் எஃப்.ஏ. முறை மாறவில்லை: கணிதத்தில் எவ்வளவு தேர்ந்தவரானாலும் மற்ற பாடங்களிலும் தேறியாக வேண்டும். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாத ராமானுஜன் ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகையை இழந்து, கல்லூரியை விட்டும் போனார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், எஃப்.ஏ. தேர்வில் அவரால் தேற முடியவில்லை.