முதல் மரவில்: டில்லரிங் பண்றப்ப எங்க சுரண்டணும், எங்க கை வைக்கவே கூடாது

வணக்கம் மக்களே! இந்தா, மேசையில கிடக்கு பாருங்க, போன வீடியோல வடிவம் வெட்டி வச்ச பலகை. வெள்ளை ஆஷ் மரம், நீளம் 66 இன்ச். நடுவுல கைப்பிடி 4 இன்ச், அதுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் 2 இன்ச் சரிவு. சரிவு முடியிற இடத்துல அகலம் 2 இன்ச், அங்கேருந்து நேர் கோடா ஒடுங்கி நுனியில அரை இன்ச். கனம் இப்போதைக்கு நுனி வரைக்கும் ஒரே மாதிரி 15 மில்லிமீட்டர். இன்னைக்கு இதை வளைய வைக்கப் போறோம். வில்லோட ரெண்டு கையும் (கைப்பிடிக்கு அங்கிட்டும் இங்கிட்டும் நீளுற பாகம்) சமமா, ஒவ்வொரு கையும் அடியிலேருந்து நுனி வரைக்கும் சீரா வளையிற மாதிரி மரத்தைக் கொஞ்சங் கொஞ்சமா குறைக்கிற வேலைக்குத்தான் டில்லரிங்னு பேரு.

அகலம் நுனிக்கு ஒடுங்குற இந்த வடிவத்தை எடுத்ததுக்குக் காரணம் இருக்கு. அகலம் நேர் கோடா குறைஞ்சு கனம் ஒரே அளவா இருந்தா, கை முழுக்க ஒரே வட்டத்தோட துண்டு மாதிரி வளையும். பாக்க வேண்டிய உருவம் ஒண்ணே ஒண்ணுதான், புதுசா செய்றவங்க கண்ணுக்கு அது சுலபமா பிடிபடும்.

ரெண்டு சொல்லு மனசுல வச்சுக்கங்க. எய்றவங்களைப் பாத்த பக்கம் வயிறு, எதிராளியைப் பாத்த பக்கம் முதுகு. வளையிறப்ப முதுகு இழுபடுது, வயிறு நசுங்குது. முதுகுல ஓடுற நார் அறுந்துச்சுன்னா அங்க சிலாம்பு கிளம்பி வில் ஒடிஞ்சுரும். அதனால இனிமே முதுகுல அரமே படக்கூடாது. சுரண்டுறது எல்லாமே வயித்துப் பக்கம்தான். முதுகோட ரெண்டு ஓரத்தையும் மட்டும் ஒரு 3 மில்லிமீட்டருக்கு உருட்டி, உப்புத்தாள் போட்டு வழவழன்னு ஆக்கிருங்க. கூர் ஓரத்துலதான் முதல் சிலாம்பு தூக்கும். 1545ல மூழ்கி 1982ல கடலுக்கு மேல தூக்குன மேரி ரோஸ்ங்கிற இங்கிலாந்துக் கப்பல்ல நூத்துக்கு மேல வில் கிடைச்சது. யூ மரத்து வில்லு. அதுல வெளிமரத்தை முதுகாவும் உள்மரமான வைரத்தை வயிறாவும் வச்சுச் செஞ்சிருக்காங்க. வெளிமரம் இழுவை தாங்கும், வைரம் நசுக்கைத் தாங்கும். நம்ம பலகையில அந்த வசதி கிடையாது, அதனால ரேகை நேரா ஓடுற பலகையா பாத்து எடுக்கணும். முதுகுல ரேகை ஓரத்துப் பக்கம் சாய்ஞ்சு வெளியேறுதுன்னா அந்தப் பலகையை வேற வேலைக்கு வச்சுக்கங்க.

முதல் வளைப்பு தரையில. கைப்பிடியை ஒரு கையால பிடிச்சு, ஒரு நுனியைத் தரையில ஊனி, கைப்பிடியோட வயித்துப் பக்கத்துல இன்னொரு கையை வச்சு மெதுவா அழுத்துங்க. நம்ம ஊரு வீடுகள்ல ஒரு சங்கதி கவனிக்கணும். தரையில பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லு வழவழன்னு இருக்கும், நுனி வழுக்கிட்டு ஓடும். மடிச்ச சாக்கு ஒண்ணு போட்டு அதுமேல ஊனுங்க. கல்லும் கீறாது, நுனியும் நசுங்காது. இப்ப இந்தக் கை அசையவே மாட்டேங்குது பாத்தீகளா? மர அரத்தை எடுத்து, வயித்துல சரிவு முனையிலேருந்து நுனி வரைக்கும் நீளமா, ஒரே சீரா இழுக்கணும். ஒரு இடத்துல நின்னு ராவக்கூடாது. ரெண்டு கையும் மாத்தி மாத்தி ஊனிப் பாத்து, ரெண்டுமே ஒரே அளவு எதிர்ப்பு காட்டி லேசா வளையிற வரைக்கும் இதே வேலைதான்.

அதுக்கப்புறம் குதை வெட்டணும், நாண் மாட்டுற காடி. நுனியிலேருந்து முக்கால் இன்ச் உள்ள தள்ளி, வட்ட அரத்தால ரெண்டு பக்கவாட்டுலயும் சரிவா வெட்டுங்க. முதுகுக்குக் குறுக்கே வெட்டிராதீங்க, அங்க நார் அறுந்துரும்.

அடுத்தது டில்லர் மரம். செங்குத்தா ஒரு கட்டை, உச்சியில கைப்பிடி உக்கார ஒரு பள்ளம், அடியில ஒரு கப்பி. வில்லை வயிறு கீழே பாக்க உக்கார வச்சு, நாண் நடுவுல கொக்கி மாட்டி, கயித்தைக் கப்பி வழியா விட்டு 10 அடி தள்ளி நின்னு இழுக்குறோம். தள்ளி நிக்கிறதுக்கு ரெண்டு காரணம். ஒடிஞ்சா துண்டு முகத்துக்கு வராது, முழு வளைவும் ஒரே பார்வையில தெரியும். கண்ணாடி போட்டுக்கங்க. கட்டையைப் பின்கட்டுக் கொட்டகைக் காலோட சேத்துக் கட்டிக்கலாம். பர்மாத் தேக்குத் தூண்ல மட்டும் தயவுசெஞ்சு ஆணி அடிக்காதீங்க, அதுக்கு ஈடா இன்னொரு தூண் இனிக் கிடைக்காது. கட்டைக்குப் பின்னாடி சுவத்துல சுண்ணாம்புக் கோடு, 2 இன்ச்சுக்கு ஒண்ணு படுக்கையா போட்டுருங்க. நுனி ரெண்டும் ஒரே கோட்டைத் தொடுதான்னு பாக்க அதைவிட நல்ல அளவு இல்ல.

கொக்கிக்கும் கயித்துக்கும் நடுவுல தொங்கு தராசு மாட்டணும். நாம குறி வைக்கிறது 28 இன்ச் இழுப்புல 14 கிலோ, சுமாரா 30 பவுண்டு. வில் முடியிற வரைக்கும் தராசு 14 கிலோவைத் தாண்டவே கூடாது. 5 இன்ச்தான் வளைஞ்சிருக்கு, தராசு 14 காட்டுதுன்னா அங்கயே நிறுத்தணும். 'இன்னும் கொஞ்சம் இழுத்துத்தான் பாப்போமே'ன்னா வயித்து நார் அங்கயே நசுங்கி, அந்த நசுங்கல் வில்லோட ஆயுசு பூரா நிக்கும்.

நாண் பத்தி ஒரு வார்த்தை. நைலான் வேண்டாம், அது இழுபடும். நீங்க இழுக்குறதுல பாதி கயித்துக்கே போயிரும், அளவு பூராம் பொய்யாயிரும். முறுக்குன பாலியெஸ்டர் நூல் சரியா வரும். பழைய காலத்துல நம்ம பக்கம் நாணுக்கு ஆனது மரல் நார், மருள்னும் சொல்வாங்க. புதரடியில பட்டை பட்டையா நீளமா இலை விட்டு நிக்கும். இங்கிலீஷ்காரங்க அந்த இனத்துக்கு வச்ச பேரே வில்நாண் சணல்தான்.

முதல்ல நீள நாண், தளர்வா தொங்குறது. மெதுவா இழுங்க. இப்பப் பாருங்க, இடது கை அடியில நல்லா வளையுது, நடுவுக்கு மேல நுனி வரைக்கும் பலகையாட்டம் விறைச்சு நிக்குது. விறைச்ச இடத்துல பென்சிலால கோடு கோடா கிறுக்குங்க. கிறுக்குன இடத்துல மட்டும் சுரண்டணும். வளையிற இடத்துல பெருக்கல் குறி போட்டுருங்க, அங்க கை வைக்கவே கூடாது.

கண்ணு ஏமாத்தும், அதனால ஒரு சின்னக் கருவி செஞ்சுக்கங்க. 6 இன்ச் நீளத்துல தட்டையான ஒரு கட்டை, நடுவுல துளை, அதுல இறுக்கமா ஒரு பென்சில். வில்லை டில்லர் மரத்துல வளைச்சுக் கயித்தைக் கட்டிட்டு, கட்டையை வயித்துல வச்சா ரெண்டு முனையும் தொடும், நடுவுல இடுக்கு இருக்கும். எங்க அதிகமா வளையுதோ அந்த இடத்துல பென்சில் தொட்டும் தொடாம நிக்கிற மாதிரி தள்ளி வச்சுட்டு, கை முழுக்க ஓட்டுங்க. விறைப்பான இடத்துல இடுக்கு கம்மி, பென்சில் தானா கோடு போடும். அந்தக் கோட்டைச் சுரண்டி எடுங்க, திரும்ப ஓட்டுங்க. சரிவுமேல விழுற கோட்டை மட்டும் விட்டுருங்க, அது வளையக் கூடாத இடம். இந்த அளவெல்லாம் சட்டுன்னு முடிக்கணும். வளைச்ச வில்லைக் கட்டிப் போட்டுட்டு டீ குடிக்கப் போகாதீங்க.

இங்கதான் முக்கால்வாசிப் பேர் கவுந்துர்றது, நல்லாக் கேளுங்க. சுரண்டுன உடனே வளைவுல மாத்தம் தெரியாது. நார் பழக ஒவ்வொரு சுரண்டலுக்கும் அப்புறம் 20, 30 தடவை ஏற்கெனவே எட்டுன அளவு வரைக்கும் இழுத்து விடணும். இது தெரியாதவங்க 'இன்னும் வளையலையே'ன்னு அதே இடத்துல மறுபடி சுரண்டுவாங்க. பத்து இழுப்புக்கு அப்புறம் ரெண்டு சுரண்டலும் சேந்து தெரியும்போது அங்க கீல் வச்ச மாதிரி மடியும். விறைப்பு கனத்தோட முப்படியைப் பொறுத்தது. அதாவது 12 மில்லிமீட்டர் இருந்த இடம் 11.4 ஆனா, குறைஞ்சது 0.6 மில்லிமீட்டர்தான், விறைப்புல 14 சதவீதம் போயிருச்சு. கை முழுக்க அப்படிக் குறைச்சா 14 கிலோ வில்லு 12 கிலோ ஆயிரும். அதனால தரை வளைப்பு முடிஞ்சதும் கரடு அரத்தைக் கீழ வச்சுருங்க. இனிமே சுரண்டுதகடு. உடைஞ்ச கண்ணாடித் துண்டு கூட நல்லா சுரண்டும், தடிக் கையுறை போட்டுக்கங்க.

கீல் விழுந்தே போச்சா? அந்த இடத்தைத் தொடாம மத்த இடம் அத்தனையும் அந்த மெலிவுக்குச் சமமா வர்ற வரைக்கும் இளைக்கணும். எடை, அதாவது இழுக்குறப்ப தராசு காட்டுற அளவு, குறையும், வில் பிழைக்கும். கடைசியில ரெண்டு நுனியிலயும் ஒரு இன்ச் வெட்டிக் குதையைப் புதுசா போட்டா, போன எடையில கொஞ்சம் திரும்பி வரும்.

நீள நாண்ல 14 கிலோவுக்குள்ள நுனி 5, 6 இன்ச் சீரா இறங்குதுன்னா நாணேத்தலாம். முதல்ல கைப்பிடிக்கும் நாணுக்கும் 3 இன்ச் இடைவெளி போதும். நாணேத்துனதும் நுனிப் பக்கமிருந்து ஒத்தைக் கண்ணால பாருங்க, நாண் கைப்பிடி நடுவுல ஓடணும். ஒரு பக்கம் ஒதுங்குச்சுன்னா, எந்தப் பக்கம் ஒதுங்குதோ அதுக்கு எதிர்ப்பக்க ஓரத்தை வயித்துல கொஞ்சம் இளைச்சா நாண் நடுவுக்கு வரும். அப்புறம் வில்லைத் தரையில படுக்கப் போட்டு, நாணைக் கல்லு இணைப்புக் கோட்டோட சேத்து வைங்க. கைப்பிடியிலேருந்து ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை கல்லு தள்ளி நாணுக்கும் வயித்துக்கும் உள்ள தூரத்தை அளந்தா ரெண்டு கையும் சமமான்னு தெரிஞ்சுரும். கல்லு கையால வார்த்தது, கோடு அங்கங்க பிசகியிருக்கும், முதல்ல ஒரு நூலைப் பிடிச்சுச் சரிபாத்துக்கங்க. சரிவு முனையில அளக்கும்போது மட்டும் மேல்கை இடைவெளி கீழ்கையைவிட 3லேருந்து 5 மில்லிமீட்டர் கூட இருக்கட்டும். அம்புக்கு மேல ஒரு விரல், கீழ ரெண்டு விரல் வச்சு இழுக்குறப்ப கீழ்கைக்குச் சுமை கூட விழும், அது கொஞ்சம் விறைப்பா இருக்கணும்.

பிறகு இடைவெளியை 6 இன்ச்சுக்கு ஏத்திட்டு, முதுகுலேருந்து அளந்து 12, 14, 16ன்னு ரெண்டு ரெண்டு இன்ச்சா மேல போங்க. ஒவ்வொரு படியிலயும் போன்ல போட்டோ எடுங்க. தள்ளி நின்னு ஜூம் பண்ணி எடுக்கணும், கிட்ட நின்னா லென்ஸே வளைவைக் கோணலாக்கிரும். போட்டோவை இடம் வலம் திருப்பிப் பக்கத்துல வச்சுப் பாத்தா எந்தக் கை சோம்பேறின்னு பளிச்சுன்னு தெரியும்.

இன்னொரு சோதனை. 14 இன்ச் இழுப்புல என்ன எடைன்னு எழுதி வைங்க. 18 வரைக்கும் இழுத்துட்டுத் திரும்ப 14ல நிறுத்திப் பாருங்க. நடுவுல சுரண்டவே இல்ல, ஆனா எடை குறைஞ்சிருக்குன்னா வயிறு எங்கயோ நசுங்குதுன்னு அர்த்தம். அதிகமா வளையிற இடத்தைத் தேடி, சுத்தி இருக்குற விறைப்பை எடுங்க. வயித்துல குறுக்கே மயிரிழை மாதிரி மடிப்பு தெரிஞ்சா நசுங்கல் முத்திருச்சு, அது ஆறாது. நாண் இறக்குனதும் வில் ஒரு இன்ச் வளைஞ்சு நிக்கிறது வழக்கம்தான். 2 இன்ச்சைத் தாண்டுனா வேலையில எங்கயோ அவசரம் நடந்திருக்கு.

ஈரமும் இதுல சேந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில மரம் ஈரம் குடிச்சு மெத்துன்னு இருக்கும், அப்ப டில்லர் பண்ணா வளைவு அப்படியே தங்கிரும். சித்திரை வெயில்ல மாடியில காயப் போட்டீகன்னா ரொம்பக் காஞ்சு முதுகு வெடிக்கும். நிழல்ல, காத்தோட்டமா, தரையில படாம வைங்க. தையிலேருந்து பங்குனி வரைக்கும் நல்ல காலம்.

27 இன்ச்சுல 15 கிலோ காட்டுற இடத்துல தகட்டைக் கீழ வைங்க. 14 கிலோ கட்டுப்பாட்டை இந்தக் கடைசி ஒரு கிலோவுக்கு மட்டும் தளத்துறோம், உப்புத்தாள் போடுறப்ப அது தானா போயிரும். 80, 120, 220ன்னு வரிசையா போட்டு, அரம் கீறுன தடம் முதுகு ஓரத்துல ஒண்ணுகூட இல்லாம எடுங்க. ஆளி விதை எண்ணெய் நாலு கோட்டு, ஒவ்வொண்ணும் காஞ்சதுக்கப்புறம் அடுத்தது. எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டிப் போட்டா தானா தீப்பிடிக்கும், விரிச்சுக் காய வைங்க. அம்பு இல்லாம வெறும் நாணை இழுத்து விடாதீங்க, அம்புக்குப் போக வேண்டிய விசை பூராம் மரத்துக்கே திரும்பும். முதல் 50 அம்பு 24 இன்ச் இழுப்புல விட்டுட்டு, திரும்பவும் டில்லர் மரத்துல ஏத்தி ஒரு தடவை பாருங்க.