நாலு ஏக்கரும் ஒரு பெட்ரோல் பங்கும்

நடுவர் அவர்களே, எதிரே உட்கார்ந்திருக்கிற அக்கா, அண்ணன், பொரிகடலையோடு ராத்திரி பதினோரு மணிக்கும் எழுந்து போகாத காவேரிப்பட்டணத்து மக்களே, வணக்கம்.

முன்னேறுவதற்குக் கைகொடுப்பது பட்ட வருத்தத்தை மறக்காமல் இருப்பதா, அதை விட்டுவிடுவதா என்பது இன்றைய தலைப்பு. நான் 'விட்டுவிடுவதே' அணி. அதியமான் நெல்லிக்கனியைப் பேசாமல் இந்தப் பக்கத்தில் எந்தப் பட்டிமன்றமும் முடிந்ததில்லை. நான் அதை விட்டுவிடுகிறேன். விடுவதுதானே என் கட்சி!

எதிரணி அக்கா அழகாகப் பேசினார். 'சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது, வருத்தம்தான் மனிதனுக்கு வாத்தியார்' என்றார். சரி. ஆனால் அடுப்பு அணைந்த பிறகும் அந்தப் பூனை அங்கே போகாது அக்கா. பால் இருப்பது அந்த அடுப்பங்கரையில்தான்.

அந்தப் பூனை யார் என்று கேட்டால், எங்கள் அப்பா.

1994-ல் அத்தை கல்யாணத்துக்காக நாலு ஏக்கர் மானாவாரி நிலத்தை விற்றார். இன்று 44 என்கிறோமே, அன்று அது 7-ஆம் நம்பர் நெடுஞ்சாலை. அந்த ரோட்டை ஒட்டிய நிலம். ஏக்கர் முப்பதாயிரம். கொள்ளும் ராகியும் தவிர எதுவும் விளையாத பூமிக்கு அன்றைக்கு அது நல்ல விலை. அப்புறம் நாலு வழிச்சாலை வந்தது. எங்கள் நிலத்தில் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் இதே கதை இருக்கும். ஓசூர் வரைக்கும் ரோட்டோரம் போய்க் கேளுங்கள், 'அப்பவே விக்காம இருந்திருந்தா' என்று தொடங்காத பெரியவர் ஒருவரைக் காட்டுங்கள், பார்ப்போம்.

பஸ்ஸில் அந்த இடம் தாண்டும்போதெல்லாம் அப்பா தலை தானாகத் திரும்பும். 'அது நம்ம நிலம்' என்பார். பக்கத்து சீட்டில் யார் இருந்தாலும் சொல்வார், கண்டக்டரிடம் கூடச் சொல்வார். அத்தை வீட்டு விருந்தில் ஒருநாள் சோறு பிசைந்துகொண்டே அந்த நாலு ஏக்கர் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். பரிமாறிக்கொண்டிருந்த அத்தை கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் யாருக்காக விற்றாரோ அந்த மனுஷியையே குற்றவாளி ஆக்கிவிட்டது இந்த வருத்தம். முப்பது வருடமாக அத்தை நல்லபடியாக வாழ்கிறார் என்பது அப்பாவின் கணக்கில் வரவாக ஏறவே இல்லை.

இதைவிடப் பெரிய நஷ்டம் தோப்பில். மிச்சமிருந்த ரெண்டு ஏக்கரில் பெங்களூரா மா. மரமெல்லாம் வயதாகிக் கிளையோடு கிளை பின்னி, உள்ளே வெயிலே இறங்காது. வெயில் படாத கிளை காய்க்காது. தோட்டக்கலை அலுவலர் வந்து பார்த்துவிட்டு, 'அறுவடை முடிந்ததும் கவாத்து பண்ணுங்க, நெருக்கமான கிளையெல்லாம் வெட்டி விடுங்க, ஒண்ணு ரெண்டு வருஷம் காய்ப்பு குறையும், அப்புறம் தெளிஞ்சிடும்' என்றார். அப்பா அரிவாளைத் தொடவே விடவில்லை. 'நாலு ஏக்கர் போச்சு, இதையும் வெட்டிட்டு என்ன பண்ண?' என்றார்.

பார்த்தீர்களா அக்கா, உங்கள் வாத்தியார் நடத்திய பாடத்தை? 'விற்குமுன் நாலு பேரிடம் விசாரி' என்று சொல்லிக் கொடுத்திருந்தால் நானே கும்பிடுவேன். 'எதையும் கையை விட்டு விடாதே' என்று சொல்லிக் கொடுத்தது. பத்து வருடம் மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு அனுப்ப வேண்டிய தோப்பு, அணில் தின்னத்தான் காய்த்தது.

எதிரணி அண்ணன் நம்ம கிருஷ்ணகிரி கேஆர்பி அணையை இழுத்தார். 2017 நவம்பரில் ஷட்டர் உடைந்ததை மறந்தால் இன்னொன்றும் உடையும் என்றார். மறக்கச் சொல்லி யார் சொன்னது? உடைந்த ஷட்டரை மாற்றினார்கள். அது வேலை. தென்பெண்ணையில் போன தண்ணீர் சாத்தனூர்ப் பக்கம் போய்விட்டது. அதை நினைத்துக் கரையில் உட்கார்ந்து அழுவது வருத்தம். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். அடுத்தவனுக்குத் தீங்கு செய்தவனுக்கும் இதையேதான் சொல்வேன். போய் மன்னிப்புக் கேள், கொடுக்க வேண்டியதைக் கொடு. மூலையில் உட்கார்ந்து நீ வருந்துவதால் அவனுக்கு என்ன கிடைக்கிறது?

அண்ணன் வள்ளுவரையும் துணைக்கு அழைத்தார். வினைத்தூய்மையில் 'எற்றென்று இரங்குவ செய்யற்க' என்று தொடங்கும் குறள். தவறிச் செய்துவிட்டால் மறுபடி அப்படிச் செய்யாதே என்று பொருள் சொன்னார். அப்படியும் உரை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பரிமேலழகர் என்ன சொல்கிறார்? மயங்கிச் செய்துவிட்டால், பிறகு உட்கார்ந்து இரங்கிக்கொண்டிருக்காதே, அதுதான் நன்று என்கிறார். நடுவர் அவர்களே, பரிமேலழகர் எங்கள் அணி!

தருமபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டிக்கு ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். சுதந்திரத்துக்குப் போராடிய சுப்பிரமணிய சிவா. மேடையில் பேசியதற்காக 1908-ல் பிடித்தார்கள். எனக்கு மணி மட்டும்தான் அடிப்பார்கள், அவருக்குச் சிறை. 1912-ல் வெளியே வரும்போது உடம்பில் தொழுநோய். ரயிலில் ஏறக் கூடாது என்றது அன்றைய அரசாங்கம். 'ஏன்டா பேசினோம்' என்று நினைக்க அவரைவிட யாருக்கு உரிமை இருந்தது? நடந்தே ஊர் ஊராகப் போய் மறுபடியும் பேசினார். பாப்பாரப்பட்டியில் இடம் பார்த்து, பாரத மாதாவுக்குக் கோயில் கட்டப் புறப்பட்டார். கட்டி முடிக்கவில்லை. 1925-ல் அங்கேயே கண்ணை மூடினார். கடைசி வரை அவர் அலைந்தது கட்டாத கோயிலுக்காகத்தான்.

மணி அடிக்கப் போகிறார்கள், அப்பா கதையை முடித்துவிடுகிறேன். மூன்று வருடம் முன்னால் அவர் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்த வாரம், நானும் தம்பியும் பன்னிரண்டு மரத்தைக் கவாத்து பண்ணிவிட்டோம். வந்து பார்த்துவிட்டு எங்களோடு ஒரு மாதம் பேசவில்லை. இந்த வருடம் தை பிறக்கும்போது அந்தப் பன்னிரண்டு மரமும் இலை தெரியாமல் பூத்தது. மிச்ச மரத்துக்கு அரிவாளை அவரே தீட்டிவைத்தார்.

போன மாதம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் கூழ் ஃபேக்டரி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், திடீரென்று என் பக்கம் திரும்பி, "ஏம்பா, பங்க் தாண்டிடுச்சா?" என்றார்.

"தாண்டி ரெண்டு கிலோமீட்டர் ஆச்சுப்பா."

"சரி," என்று மறுபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். உட்காருகிறேன்.