மலையகத்துக் கடதாசிகள் எல்லாருக்கும் திறக்கட்டும்

(ஹட்டனில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, எனக்குப் பாடம் சொல்லித்தந்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, பொது நூலகத்தின் நூலகர் அம்மா அவர்களே, கோயில் பரிபாலன சபைப் பெரியவர்களே, தொழிற்சங்கத் தோழர்களே, பேராதனையிலிருந்து காலை ரயிலில் வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அரைநாள் வேலையான அரைப்பேரோடு கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். வாடகை வாங்காமல் மண்டபம் தந்தவர்களுக்கும், மழையில் நனைந்து ஒலிபெருக்கி கட்டிய தம்பிமாருக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பது என் அம்மாயி அடிக்கடி சொல்வது. ஆய்வுக்கும் அதுதான் விதி. ஆவணங்களை இணையத்தில் ஏற்றி யாரும் இலவசமாகத் தேடிப் படிக்க வைக்கும் திறந்த எண்ணிமக் களஞ்சியங்களைப் பற்றி இன்று மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன்: மென்பொருள், பதிப்புரிமை, நம்முடைய கடதாசிகள்.

மென்பொருளுக்குக் காசு வேண்டுமே என்று யாரும் பயப்பட வேண்டாம். 2002 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் ஹியூலட் பக்கார்ட் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட டிஸ்பேஸ் என்ற களஞ்சிய மென்பொருள் இலவசம். உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் அதில் ஆய்வேடுகளை ஏற்றுகின்றன. ஏற்றும் ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஆக்கியோன், ஆண்டு, பொருள் என்று விவரம் பதிய வேண்டும். எல்லாரும் ஒரே ஒழுங்கில் பதிந்தால் யாழ்ப்பாணத்தில் இருப்பதையும் பேராதனையில் இருப்பதையும் ஓரிடத்திலிருந்தே தேடி எடுக்கலாம். நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தோட்டத்துக்குப் பதிவேட்டில் ஒரு இங்கிலீஷ் பெயர், நம் வாயில் வேறொரு பெயர். இரண்டையும் பதியாவிட்டால் நம் பிள்ளை தேடும்போது ஒன்றும் வராது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆய்வேட்டை அப்படியே ஏற்றினாலும் அதே கதிதான். முதலில் எல்லாக் கணினியும் தமிழாகவே படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்ற வேண்டும்.

ஹேவாஹெட்டைப் பக்கம் ஒரு தாத்தா இருந்தார். 1940 இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் தொழிலாளி கோவிந்தன் இறந்தாரே, அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றித் தன் அப்பா சொன்னதையெல்லாம் அப்படியே ஒப்புவிப்பார். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே சங்கத் துண்டுப் பிரசுரங்கள், சந்தாப் பற்றுச்சீட்டுகள், தொழிலாளர் பெயரும் வேலைநாளும் சம்பளமும் பதியும் செக்ரோலின் மூலை மடிந்த பழைய தாள்கள். ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தங்கச்சி போய், நாள் முழுக்க உட்கார்ந்து தாத்தா சொன்னதைப் போனில் பதிவு செய்தார். கொஞ்ச நாளில் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தம்பி போனார். தாத்தா தேத்தண்ணி கொடுத்து உட்காரவைத்தார். தம்பி முதல் கேள்வி கேட்டார், சொன்னார். இரண்டாவது கேட்டார், சொன்னார். மூன்றாவதில் தாத்தா எழுந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டாராம்: "ஏய்யா, போன மாசம் ஒரு புள்ள வந்து இதையேதான் கேட்டுட்டுப் போச்சு. ஒங்களுக்குள்ள பேசிக்கவே மாட்டீங்களா?"

தம்பிக்கு அந்தத் தங்கச்சியைத் தெரியவே தெரியாது. அவருடைய ஆய்வேடு ஒரு பூட்டிய அலுமாரியில், இவருடையது இன்னொரு அலுமாரியில். இரண்டிலும் பாதி ஒன்றே. தாத்தா காலமானார். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் கூரை ஒழுகிப் பெட்டிக்குள் தண்ணீர் போனது. நனைந்தது போக மிஞ்சியதை மருமகள் கடலை வண்டிக்காரருக்குக் கொடுத்துவிட்டார். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அதன் பெறுமதியை யார் அவரிடம் போய்ச் சொன்னோம்? ஊர் கூடினால்தான் தேர் நகரும்; அன்று ஆளுக்கொரு பக்கமாக வடத்தைப் பிடித்து இழுத்தோம்.

இலங்கையும் இந்தியாவும் நம் மக்களின் குடியுரிமை பற்றிச் செய்த 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் எழுதினார்கள். ஆட்கள் பிரிந்தபோது கடதாசியும் பிரிந்தது. அண்ணன் குடும்பத்துக் கடதாசி தமிழ்நாட்டுக் கூடலூரில், தம்பி குடும்பத்துக் கடதாசி இங்கே கொட்டகலையில். இரண்டையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் திறந்த களஞ்சியத்தை விட்டால் வேறு வழி இல்லை. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற பெயருடைய இணைய எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களுக்கு இதைச் செய்துகாட்டியிருக்கிறது. கண் முன்னே உதாரணம் இருக்கும்போது மலையக நகரமொன்றின் பொது நூலகத்தில் ஒரு ஸ்கேனர்கூட இல்லையென்றால் அதை நான் ஏற்க மாட்டேன். நம் மக்களை வைத்து எழுதிய ஆய்வேடு நம் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். தோட்டக் காரியாலயங்கள் பழைய செக்ரோலை எரிக்கும் முன் நமக்குச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு கோரிக்கையையும் எழுதிய மனு வாசலில் இருக்கிறது. நூலகர் அம்மா முதல் கையெழுத்தை வைத்துவிட்டார்.

பதிப்புரிமையை 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தோடு இன்னொரு கூட்டத்தில் விரிவாகப் பேசுவோம். தலைவர் மணியைப் பார்க்கிறார்.

மனுவுக்குப் பக்கத்து மேசையில் மாணவர்கள் ஸ்கேனரோடு இருக்கிறார்கள். வீட்டிலுள்ள பழைய கடதாசியைக் கொண்டுவாருங்கள், படம் எடுத்ததும் அப்போதே திருப்பித் தருவார்கள். அடையாள அட்டை இலக்கம், பிறப்புச் சாட்சிப்பத்திரம் எதுவும் உங்கள் சம்மதமில்லாமல் வெளியே போகாது. ஊர் கூடினால்தான் தேர் நகரும் தாய்மார்களே, வரிசையில் வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் போதும், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.