சுவரில் ஒரு ஆணி: மழைக்கு முன் பட்டறையைத் தயார் செய்வது

[காட்சி: லேத் பட்டறையின் உட்சுவர். முழங்காலுக்கு மேலே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு.]

இந்தக் கோட்டைப் பாருங்கள். தண்ணீர் எதுவரை ஏறி நின்றது என்று சுவரே எழுதி வைத்திருக்கிறது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் சமயத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்ததே, அப்போது விழுந்த கோடு. பொங்கலுக்கு வெள்ளையடித்தால் முதலில் மறைவதும் இதுதான். மறைவதற்குள் அந்த இடத்தில் ஒரு ஆணி அடித்துவிடுங்கள். இனி சொல்லப்போவதில் பாதி அந்த ஆணியை வைத்துத்தான்.

[காட்சி: வங்கக்கடல் வரைபடம், புயல் நகரும் பாதை]

மிக்ஜாம் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை. டிசம்பர் 5 அன்று ஆந்திராவில் பாபட்லா அருகே கடந்தது. ஆனால் 3, 4 தேதிகளிலேயே சென்னையை மூழ்கடித்துவிட்டது. அதனால் 'எங்கே கரையைக் கடக்கும்' என்று டிவி முன்னால் உட்கார்ந்திருப்பதில் நமக்குப் பெரிய லாபம் இல்லை. துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு எண்ணும் கப்பல்காரர்களுக்கானது. நாம் பார்க்க வேண்டியது நம் மாவட்டத்துக்கு வானிலை மையம் தரும் நிறத்தை: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு.

'அதிகனமழை' என்று அவர்கள் சொன்னால் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் என்று பொருள். அது எவ்வளவு தண்ணீர்? 1,000 சதுர அடி கூரையில் மட்டும் ஏறக்குறைய 18,500 லிட்டர். 9,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டைக் கூரைமேல் கவிழ்த்த மாதிரி. அத்தனையும் இறங்க இருப்பது நாலு அங்குலக் குழாய் ஒன்று. அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் கவர் உட்கார்ந்திருந்தால் கதை முடிந்தது. செப்டம்பரிலேயே ஒரு ஆளை ஏணியில் ஏற்றிவிடுங்கள்.

[காட்சி: தரையோடு தரையாக நிற்கும் ஜெனரேட்டர்]

சரி, ஆணிக்கு வருவோம். 2015 வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் ஒரு மருத்துவமனையின் ஜெனரேட்டருக்குள்ளேயே தண்ணீர் புகுந்து மின்சாரம் நின்றுபோனது. பல லட்சம் கொடுத்து ஜெனரேட்டர் வாங்கியவர், அது நிற்கும் மேடைக்கு மட்டும் சிமென்ட் மூட்டையை எண்ணுவது எனக்கு இன்றும் புரிவதில்லை. மேடையை ஆணிக்கு ஒன்றரை அடியாவது மேலே கட்டுங்கள். பேனல் போர்டும் யுபிஎஸ்ஸும் பில் புத்தகங்களும் அந்த உயரத்துக்கு மேலேயே இருக்கட்டும். நனையக் கூடாது என்று ஜெனரேட்டரை மூடிய அறைக்குள் மட்டும் தள்ளிவிடாதீர்கள். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

காஸ் வெல்டிங்குக்கான கால்சியம் கார்பைடு டப்பா தரையில் இருக்கிறதா? தண்ணீர் பட்டால் அசிட்டிலின் வாயு கிளம்பும், ஒரு பொறி போதும். கேன்டீன் காஸ் சிலிண்டர் மிதந்து போகும், சங்கிலி போடுங்கள்.

[காட்சி: தகரக் கூரை, காற்றில் தூக்கும் ஓரம்]

காற்று வேறு கணக்கு. 2016 டிசம்பர் 12, வர்தா. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்று சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. கூரையைக் காற்று அழுத்தி உடைப்பதில்லை, மேலே உறிஞ்சித் தூக்குகிறது. ஓரங்களிலும் மூலைகளிலும்தான் இழுப்பு அதிகம். துருப்பிடித்த போல்ட்டுகளை அங்கிருந்து மாற்றத் தொடங்குங்கள். ஷட்டர் பிய்த்துக்கொண்டால் காற்று உள்ளே நுழைந்து கீழிருந்தும் தள்ளும். மேலே இழுப்பு, கீழே தள்ளல் என்றால் எந்தத் தகரமும் நிற்காது. ஆகவே கூரையைக் காப்பாற்ற முதலில் ஷட்டரைப் பாருங்கள்.

[காட்சி: தண்ணீர் நிற்கும் சாலை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் தொழிலாளி]

இனி ஆட்கள். 2015 டிசம்பர் 2 அன்று 'தி இந்து' ஆங்கில நாளிதழ் சென்னையில் அச்சாகவில்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகைக்கு அதுதான் முதல்முறை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை. இயந்திரம் தயாராக இருந்தும் பயனில்லை, பாதை இல்லை.

எனவே லீவு விடுவது யார் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். இரவு பதினொரு மணிக்கு முதலாளி போனை எடுக்காவிட்டாலும் சூப்பர்வைசர் ஷட்டரை இறக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆரஞ்சு என்றால் இரவு ஷிப்ட் கிடையாது. சிவப்பு என்றால் முதல்நாள் மதியமே வீட்டுக்கு. அந்த நாளுக்குச் சம்பளம் பிடிக்க மாட்டோம் என்றும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தாவது வருவார்கள், சாக்கடை மூடி திறந்து கிடப்பது தெரியாமல். வளாகத்துக்குள்ளேயே அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களை எந்த மாடிக்கு அனுப்புவது என்பதும் இதே தாளில் இருக்கட்டும். தோண்டிய பள்ளம் பக்கத்தில் இருந்தால் அங்கே ஒருவரும் நிற்க வேண்டாம். மிக்ஜாமின்போது வேளச்சேரியில் கட்டுமானப் பள்ளத்தில் சிக்கி இரண்டு பேர் இறந்தார்கள்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை: பிரீமியத்தைக் குறைக்க, புயல் வெள்ளப் பாதுகாப்பை நீக்கிவிட்டு எடுத்த ஃபயர் பாலிசிகள் உண்டு. உங்களுடையதை எடுத்துப் பாருங்கள். அப்புறம், ஒவ்வொரு மெஷினையும் இன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

[காட்சி: வடிந்த தரை, சேறு படிந்த மோட்டார்]

தண்ணீர் வடிந்தது. 'ஓடுதா பார்ப்போம்' என்று ஒருவர் சுவிட்சில் கை வைப்பார். வைக்க விடாதீர்கள். மெயினை அணைத்தபடியே வைத்து, நனைந்த மோட்டாரைக் கழற்றி, ரீவைண்டிங் கடையில் காயவைத்து, மெக்கர் (மின்கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்த பிறகுதான் மின்சாரம். ஈரமான வைண்டிங்குக்கு, அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளுக்கு, கரண்ட் கொடுத்தால் சுத்தம் செய்து தப்பியிருக்க வேண்டிய மோட்டார் அங்கேயே எரிந்துவிடும். ஊழியர் கால் சேற்றில் இருந்தால் இழப்பு மோட்டாரோடு போகாது, ஆளின் உயிரும் போகலாம்.