மெயினுக்கும் செட்டுக்கும் நடுவே: இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் மேசை

நேயர்களுக்கு வணக்கம்.

கீபோர்டு, ஆம்ப்ளிஃபையர், மிக்சர், எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி போன்றவற்றைப் பழுதுபார்க்கத் தனியாக ஒரு மேசை போட நினைப்பவர்களுக்காக இந்த உரை. டிவி பார்க்கிற மேசையிலேயே இதையும் பார்க்கலாமே என்று தோன்றும். பார்க்கலாம்தான். ஆனால் இசைக்கருவியில் சத்தம் வந்தால் மட்டும் வேலை முடிந்துவிடாது. சத்தம் சுத்தமாக வர வேண்டும், மேடையில் மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடவும் வேண்டும். இந்த இரண்டையும் மேசையிலேயே சோதித்துப் பார்க்க வசதி இருக்க வேண்டும்.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பலர் முதலில் வாங்குவது, சிக்னலின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப். என் கருத்து வேறு. முதல் செலவு, மெயினுக்கும் (சுவரில் வரும் கரண்டுக்கும்) பழுதுபார்க்கும் செட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சாமான்களுக்கு. அடுத்தது டம்மி லோடு, அதாவது ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டிச் சோதிக்கும் ரெசிஸ்டர். ஸ்கோப் அதற்கப்புறம் வரட்டும். கெட்டுப்போன செட்டை நேரே 230 வோல்ட்டில் செருகினால், ஒரு டிரான்சிஸ்டர் போயிருந்த இடத்தில் ஆறு போய்விடும். அதை எந்த ஸ்கோப்பாலும் தடுக்க முடியாது.

மேசையின் அளவை முதலில் பார்ப்போம். 61 கட்டை கீபோர்டு சுமார் 95 சென்டிமீட்டர் நீளம். 88 கட்டை டிஜிட்டல் பியானோ 130 சென்டிமீட்டரைத் தாண்டும். ஸ்க்ரூ எல்லாம் அடிப்பக்கம் இருப்பதால் கருவியைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். அதனால் 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம் வேண்டும். மேல்பலகை பிளைவுட்டாக இருக்கட்டும், அதன்மேல் ரப்பர் மேட். தகரம் வேண்டவே வேண்டாம். கவிழ்க்கும்போது நாப்களும் டிஸ்ப்ளேயும் நசுங்காமல் இருக்க இரண்டு நீளத் துண்டு ஃபோம் போதும்.

இனி கரண்ட். சுவரிலிருந்து வரும் லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), பிறகு மேசை முழுவதையும் அணைக்கும் ஒரே சுவிட்ச். அந்த சுவிட்ச் மேசையின் முன்விளிம்பில் இருக்க வேண்டும். தீப்பொறி பறக்கிற செட்டின் மேலே கையை நீட்டி அணைக்கும்படி வைக்கக் கூடாது. எர்த் உண்மையில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பிளக் பாயின்ட்டில் மூன்றாவது துளை இருக்கும், பின்னால் ஒயர் இருக்காது. பல வீடுகளில் இதுதான் நிலைமை. எர்த் இல்லாவிட்டால், எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் முறைப் பவர் சப்ளை) உள்ள மிக்சரின் பாடி, ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாக மெயினில் பாதி, அதாவது ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். தொட்டால் சுருக்கென்று இருப்பது அதனால்தான். ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைச் செருகினால் இன்புட் ஐசி போவதற்கும் இது ஒரு காரணம்.

அடுத்து சீரியல் போர்டு. ஒரு ஹோல்டரில் குண்டு பல்பை மாட்டி, லைன் ஒயர் அதன் வழியாகச் செட்டுக்குப் போகும்படி இணைப்பது. எல்இடி பல்ப் இதற்கு ஆகாது, இழை உள்ள பல்புதான் வேண்டும். குண்டு பல்ப் கிடைக்காத ஊரில் ஹாலஜன் பல்பை மாட்டலாம். சின்ன செட்டுக்கு 60 வாட், பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிஃபையருக்கு 100 அல்லது 200 வாட். ஆன் செய்ததும் பல்ப் பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்லது, ஃபில்டர் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகியிருக்கிறது. முழு வெளிச்சத்தில் அப்படியே எரிந்தால் உள்ளே ஷார்ட். எஸ்எம்பிஎஸ் செட்டில் பல்ப் விட்டுவிட்டு மின்னினால் உடனே ஷார்ட் என்று முடிவு கட்டாதீர்கள். பல்பு சின்னதாக இருப்பதால் சப்ளை எழும்ப முடியாமல் தவிக்கலாம். பெரிய பல்பை மாட்டிப் பாருங்கள்.

வோல்டேஜைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரான வேரியாக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது வோல்டேஜைக் குறைக்கும், மெயினிலிருந்து பிரிக்காது. பிரிப்பதற்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்தான் வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் பிரைமரி பக்கம், அதாவது மெயினோடு நேரே சேர்ந்த பக்கம், ஸ்கோப் வைக்கப் போகிறீர்கள் என்றால் அது கட்டாயம். ஆனால் அதற்குப் பின்னால் இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டுவிட்டால் ஆர்சிசிபி காப்பாற்றாது. ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கேதான் உயிர் காக்கும். ஆன்டிஸ்டாட்டிக் கைப்பட்டையையும் அந்த நேரத்தில் கழற்றிவிடுங்கள்.

அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது கெட்ட பழக்கம். 220 ஓம் 10 வாட் ரெசிஸ்டரில் இரண்டு கிளிப் பற்றவைத்து வைத்திருங்கள். 50 வோல்ட் 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 11 வினாடியில் காலியாகிவிடும். 325 வோல்ட் நிற்கும் எஸ்எம்பிஎஸ் பிரைமரிக்கு 2.2 கிலோ ஓம் 10 வாட். பிறகு மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

இப்போது டம்மி லோடு. அலுமினியக் கூடு போட்ட 8 ஓம் 100 வாட் ரெசிஸ்டர் நான்கு வாங்குங்கள். இரண்டிரண்டாக சீரியலில் சேர்த்து, அந்த ஜோடிகளைப் பேரலலில் போட்டால் 8 ஓம் 400 வாட். இரண்டை மட்டும் பேரலலில் போட்டால் 4 ஓம். இவற்றை ஹீட்சிங்க்கில் பேஸ்ட் தடவி இறுக்க வேண்டும். சும்மா தொங்கவிட்டால் போட்டிருக்கும் வாட்டில் பாதிகூடத் தாங்காது. 8 ஓம் மேல் 20 வோல்ட் வந்தால் 50 வாட், 28 வோல்ட் வந்தால் ஏறக்குறைய 100 வாட். இங்கே ஒரு நுட்பம் உண்டு. விலை குறைந்த மல்டிமீட்டரின் ஏசி ரேஞ்ச் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது. 1000 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து அளந்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரில் பவர் இல்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள். 200 ஹெர்ட்ஸில் அளந்தால் போதும். டோன் கொடுக்க செல்போன் ஆப் ஒன்றே போதுமானது. ஆனால் மிக்சரின் மைக் இன்புட்டில் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (கேபிள் வழியாக மைக்குக்குப் போகும் சப்ளை) ஆனில் இருக்கும்போது போனை நேரடியாகச் செருகாதீர்கள்.

ஸ்பீக்கரை மாட்டும் முன் ஆம்ப்ளிஃபையர் அவுட்புட்டில் டிசி எவ்வளவு என்று பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஸ்கோப் வைப்பவர்கள் கவனிக்க: பிரிட்ஜ் முறையில், அதாவது ஸ்பீக்கரின் ஒவ்வொரு முனையையும் ஓர் அவுட்புட் ஓட்டும் ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கரின் இரண்டு முனையுமே உயிருள்ளவை. புரோபின் கிரவுண்ட் கிளிப் ஸ்கோப் வழியாக எர்த்தில் இருக்கிறது. அதை ஸ்பீக்கர் மைனஸில் மாட்டினால் ஒரு பக்க அவுட்புட் அந்த நொடியே ஷார்ட். இரண்டு புரோபை இரண்டு முனையில் வைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அவுட்புட் டிரான்சிஸ்டர் மாற்றும்போது 5200, 1943 ஜோடியில் போலி ஏராளம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் வேறு எங்கே வாங்கினாலும், விலை மிகவும் மலிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மாட்டியதும் சீரியல் பல்பில்தான் முதல் ஆன். மைக்கா இன்சுலேஷன் தகடு போட்டபின் டிரான்சிஸ்டரின் கலெக்டர் முனைக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் தொடர்பு இல்லை என்று மீட்டரில் பார்த்துவிட்டே செருக வேண்டும்.

இரைச்சல் வந்தால் காதே பாதி கண்டுபிடித்துவிடும். 50 ஹெர்ட்ஸ் ஹம் என்றால் எர்த், கேபிள் ஷீல்டு பக்கம் தேடுங்கள். 100 ஹெர்ட்ஸ் கரகரப்பு என்றால் ஃபில்டர் கெப்பாசிட்டர். வால்யூம் பாட் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் அடிக்கலாம், துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே கூடாது. கிளீனர் அடித்தும் போகவில்லையென்றால் பாட்டின் முனையில் டிசி அளந்து பாருங்கள். முன்னால் இருக்கும் கப்ளிங் கெப்பாசிட்டர் லீக் ஆகி டிசி வந்தாலும் அதே கரகரப்புதான் வரும். பாட்டை எத்தனை முறை மாற்றினாலும் அது தீராது.

கீபோர்டுக்கு 0 முதல் 30 வோல்ட் வரை தரும் பவர் சப்ளை வேண்டும், கரண்ட் லிமிட் 1 ஆம்பியரில். கீபோர்டு சாவதற்குப் பெரிய காரணம் மாற்றி மாட்டிய அடாப்டர். பழைய கேசியோவின் ஏடி-5 அடாப்டர் 9 வோல்ட், நடு ஊசி நெகட்டிவ். யமஹாவின் பிஏ-130 12 வோல்ட், நடுவில் பாசிட்டிவ். ஒரே ஒரு கட்டை அடிக்காவிட்டால், அல்லது மெல்லத் தொட்டாலும் ஓங்கி ஒலித்தால், ரப்பர் கான்டாக்டில் அழுக்கு. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே இரண்டு கான்டாக்ட் உண்டு. அவை மூடும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் கருவி வேகத்தைக் கணக்கிடுகிறது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடையுங்கள். சுரண்டினால் கார்பன் போய்விடும். ஒழுங்கான இடைவெளியில் பல கட்டைகள் ஒன்றாகச் செத்திருந்தால் ரப்பரைத் தொடாதீர்கள், ரிப்பன் கேபிளையும் அதன் சாக்கெட்டையும் பாருங்கள். மிடி அவுட் (எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்று வேறு கருவிக்குச் சொல்லும் சாக்கெட்) வேலை செய்கிறதா என்று அறிய, ஐந்து ஊசி பிளக்கில் 4-க்கும் 5-க்கும் நடுவில் 220 ஓம் ரெசிஸ்டரோடு ஒரு சிவப்பு எல்இடி. பாசிட்டிவ் கால் 4-இல். கட்டையை அழுத்தினால் மினுக்க வேண்டும்.

பழைய அனலாக் சுருதிப்பெட்டியைச் சரிசெய்தால், ஒரு கட்டை சுருதியில், அதாவது ‘சி’ ஸ்வரத்தில் டியூனர் வைத்துச் சேர்த்துவிட்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு மறுபடி பாருங்கள். சூட்டில் சுருதி நகர்ந்திருந்தால் ஆசிலேட்டரின் டைமிங் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படலாம். அதோடு, 12 வோல்ட்டில் ஓடும் பெட்டியானால் சப்ளையை மெல்ல 11-க்கு இறக்குங்கள். சுருதியும் கூடவே இறங்கினால் ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்யவில்லை. அதை மாற்றிவிட்டு, மறுபடி அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகே மூடியை முடுக்குங்கள். வணக்கம்.